ஆறு கிராம், அறுபது கிராம், ஒரு கிலோ

வாசகர் ஒருவர் கேட்டது, 1 மே 2025

“கேரள ராப் பாடகர் வேடன் தங்கியிருந்த ஃபிளாட்டில் ஆறு கிராம் கஞ்சா. அதற்கு மூன்று நாளாக டிவியில் வேறு செய்தியே இல்லை. கொடைக்கானலில் சாதாரண ஆள் ஒரு கிலோ வரை கையில் வைத்திருந்தால் கேஸே கிடையாது என்று கூடப் படித்தவன் அடித்துச் சொல்கிறான். அப்படியானால் பாடகனாக இருப்பதுதான் குற்றமா? மலையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.”

1 மே 2025, இரவு

கூடப் படித்தவரை மலைப்பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ வரை வைத்துக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரு சிட்டிகை இருந்தாலும் கேஸ்தான்.

போதைப்பொருள் சட்டம் 1985ல் வந்தது. 2001ல் அதைத் திருத்தி, பிடிபட்ட எடையைப் பொறுத்து மூன்று தட்டாகப் பிரித்தார்கள். கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, இரண்டுக்கும் இடைப்பட்டது நடுத்தட்டு. சிறிய அளவுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடுத்தட்டுக்கு 10 வருடம் வரை. வணிக அளவு என்றால் குறைந்தபட்சமே 10 வருடம், 20 வரை போகலாம், அபராதம் ஒரு லட்சத்தில் தொடங்கும். சரஸ் என்கிற பிசினுக்கு இந்த 1 கிலோ 100 கிராமாகவும், 20 கிலோ 1 கிலோவாகவும் இறங்கிவிடும். சிறிய அளவுக்கு ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைக்கும். வேடனுக்கும் கஞ்சா கேஸில் அப்படித்தான் கிடைத்தது. அந்த ஒரு கிலோ கணக்குதான் ஹாஸ்டல் ஹாஸ்டலாகச் சுற்றி “ஒரு கிலோ வரை ஓகே” என்று ஆகியிருக்கிறது.

பெருமாள்மலையில், பழனி ரோடு பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி எனக்கு மளிகைக் கடை. ஒரு கஞ்சா கேஸில் என் கடைத் தராசும் நானும் சம்பந்தப்பட்டிருக்கிறோம். அதனால்தான் இத்தனை பிரிவு மனப்பாடம். கதை அப்புறம். லாரி வந்துவிட்டது.

2 மே 2025, காலை

நேற்று எழுதியதில் தப்பு. சிறிய அளவுக்கு ஆறு மாதம் என்பது பழைய கணக்கு. 2014 திருத்தத்தில் அதை ஒரு வருடமாக்கிவிட்டார்கள். ஆறு மாதம் இப்போதும் இருக்கிறது, ஆனால் அது 27ஆம் பிரிவில், புகைத்ததற்கு. கையில் வைத்திருந்ததற்கு 20ஆம் பிரிவு. மனப்பாடம் என்று பீற்றிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

4 மே 2025

தராசுக் கதை.

2016, இதே மே மாதம். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. ஏட்டு ஒருவர் கடைக்கு வந்து, “அண்ணாச்சி, அந்த எலெக்ட்ரானிக் தராசைக் கொஞ்சம் தூக்கிட்டு வாங்க” என்றார். (அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து கடை போட்டவர். எனக்கு ஊர் முழுக்க அண்ணாச்சி என்றுதான் பெயர்.) யாரோ கறியோ மீனோ வாங்கி எடையில் சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

கடை வாசலிலேயே, சாக்கடை ஓரமாக ஒரு பழைய மாருதி வேன். உள்ளே டிரம்ஸ், கீபோர்டு, ஸ்பீக்கர் பெட்டி. திண்டுக்கல் பக்கத்து மெல்லிசைக் குழு. மேலே ஒரு ஹோட்டலில் கச்சேரி முடித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். வண்டியில் இரண்டே பையன்கள், டிரம்ஸ் வாசிப்பவனும் கீபோர்டு வாசிப்பவனும். குச்சிகள் போட்டு வைக்கும் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்திருந்தார்கள்.

வேனின் பானட் மேல் தராசை வைத்தேன். சரிவாக இருந்ததால் அடியில் ஒரு சிகரெட் அட்டையை மடித்துச் செருகினேன். பொட்டலத்தைத் தட்டில் வைத்தார் ஏட்டு. உள்ளே செய்தித்தாள், அதன்மேல் பாலிதீன் கவர், அதன்மேல் இரண்டு ரப்பர் பேண்ட். 60 என்று காட்டியது. கவரைக் கழிக்கவில்லையே என்று வாய்வரை வந்தது. வியாபாரிக்கு அதெல்லாம் தானாக வரும், கத்திரிக்காய்க்கே கூடையைக் கழித்துத்தான் எடை சொல்வோம். சொல்லவில்லை.

பிறகு பிரித்துக் காட்டினார்கள். முருங்கைக் கீரையைக் காயப்போட்டு மறந்துவிட்ட மாதிரி, காம்பும் விதையுமாகப் பழுப்புப் பச்சை. திரும்பக் கட்டி எடுத்தபோது தட்டில் மூன்று விதை ஒட்டிக்கொண்டிருந்தது. பழக்க தோஷம். பூண்டுத் தோலை ஊதுவது போல ஊதிவிட்டேன்.

“ஊதாதீங்க அண்ணாச்சி, அதுவும் சாட்சிதான்” என்றார் ஏட்டு.

எல்லோரும் சிரித்தோம். பையன்களும் சிரித்தார்கள். அந்த டிரம்ஸ் பையன் அழுகிற முகத்தோடு சிரித்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

மகஜர் (எங்கே, என்ன, எவ்வளவு பிடிபட்டது என்ற பதிவு) எழுதி முடித்துக் கையெழுத்துக் கேட்டார்கள். பிளம்ஸ் கூடை இறங்கிக்கொண்டிருந்தது, கல்லாவில் ஆள் இல்லை. படிக்காமல் போட்டேன். பையன்களைக் கீழே கொண்டுபோனார்கள். பதினோரு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

6 மே 2025

கவர் எடை கழிக்காதது பெரிய மோசடி என்று ஒருவர் கொதித்திருக்கிறார். அண்ணே, அறுபதோ ஐம்பதோ, சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு கிலோ வரை ஒரே தட்டு. வேடனின் ஆறு கிராமும் அதே தட்டுதான். 20 கிலோ எல்லைக்குப் பக்கத்தில் பிடிபட்டவனுக்குத்தான் காம்பு, இலை, சாக்கு எல்லாம் உயிர்ப் பிரச்சினை. சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூத்த, காய்த்த நுனிதான். நுனி சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கணக்கில் வராது. இலையை அரைத்துச் செய்யும் பாங் மட்டும் தப்பித்தது அந்த ஓட்டையில்தான். நம் ஊர்ச் சாமியார்கள் சிலும்பியில் போடும் சிவமூலிக்கு அந்தச் சலுகை கிடையாது.

அப்படிப் பார்த்தால் நான் ஊதிய மூன்று விதை சட்டப்படி கஞ்சாவே இல்லை. ஏட்டு சொன்னது தப்பு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வருடம் ஆனது.

6 மே 2025, இரவு

எடையைப் பற்றிப் பேசும்போது எலியை விட முடியுமா. 2023ல் சென்னையில் 22 கிலோ கஞ்சா வழக்கு. மாதிரிக்கு எடுத்தது போக மீதியை எலி தின்றுவிட்டது என்று போலீஸ் சொல்ல, இரண்டு பேர் விடுதலை. என் கடை எலிக்கு ரவையும் சோப்பும்தான் பிடிக்கும்.

7 மே 2025

வேடன் விஷயத்தில் எல்லோரும் கஞ்சாவைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். கழுத்தில் இருந்த பல்லை மறந்துவிட்டீர்களே. ரசிகர் ஒருவர் கொடுத்தது என்றார். சிறுத்தைப் பல் என்று வனத்துறை தனியாக இன்னொரு வழக்குப் போட்டுக் கைது செய்தது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை மிருகம் என்றால் மூன்று வருடத்துக்குக் குறையாமல் ஏழு வரை. ஆறு கிராமுக்கு ஸ்டேஷனிலிருந்தே வீட்டுக்குப் போனவர், பல்லுக்காகப் பெரும்பாவூர் கோர்ட்டுக்குப் போய்த்தான் ஜாமீன் வாங்க வேண்டியிருந்தது.

மலையில் இருப்பவனுக்கு இது ஆச்சரியமே இல்லை. இங்கே காக்கியில் யாராவது வந்தால், முதலில் போலீஸா ஃபாரஸ்ட்டா என்றுதான் பார்ப்போம். ஃபாரஸ்ட் என்றால் விறகை மறைப்போம்.

10 மே 2025

“பாட்டுக்காரர்களைப் பிடிப்பது இப்போது வந்த ஃபேஷன்” என்று எழுதியவருக்கு. அமெரிக்க ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கை 1930ல் கலிஃபோர்னியாவில், வாசித்துக்கொண்டிருந்த கிளப்புக்கு வெளியே பிடித்தார்கள். இடைவேளையில் டிரம்ஸ்காரர் ஒருவரோடு நின்று புகைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒன்பது நாள் உள்ளே. டிரம்ஸ்காரர்களுக்கு எந்தக் காலத்திலும் நேரம் சரியில்லை.

நான் பேச நினைத்தது பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன். 1968 அக்டோபரில் லண்டனில் அவர் தங்கியிருந்த ஃபிளாட்டுக்குள் நார்மன் பில்ச்சர் என்ற சார்ஜண்ட் ஆட்களோடும் மோப்ப நாயோடும் நுழைந்தார். கொஞ்சம் கஞ்சாப் பிசின் கிடைத்தது. லெனன் குற்றத்தை ஒத்துக்கொண்டார். அவரோடு இருந்த காதலி யோகோவை விட்டுவிட்டார்கள். 150 பவுண்டு அபராதம். அவரிடம் இருந்த காசுக்கு அது வெற்றிலை பாக்குச் செலவு. கட்டிவிட்டுப் போனார்.

1972ல் அமெரிக்கா அவரை நாட்டைவிட்டு அனுப்பப் பார்த்தது. உண்மையான கோபம் வேறு, வியட்நாம் போருக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் காகிதத்தில் காட்டிய காரணம் அந்த 150 பவுண்டு. மூன்று வருடத்துக்கு மேல் இழுத்தது. 1975 அக்டோபரில் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. எதற்காக என்பதுதான் விசேஷம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சட்டத்தில் பொருள் உன் இடத்தில் இருந்தால் போதும், அது இருப்பது உனக்குத் தெரியுமா என்று கேட்கவே வேண்டியதில்லை. தெரிந்து வைத்திருந்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லாத தண்டனையை வைத்து இங்கே ஆளைத் துரத்த முடியாது என்றது அந்த நீதிமன்றம். அடுத்த வருடம் கிரீன் கார்டு.

நம் சட்டம் கேட்குமா? 35ஆம் பிரிவைப் பாருங்கள். உனக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்ளும். தெரியாது என்றால் அதை நீதான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். வேனில் இரண்டு பேர், பை ஒன்று.

பில்ச்சர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். வேறு ஒரு வழக்கில் பொய்ச் சாட்சி சொன்னதற்காக 1973ல் அவருக்கு நான்கு வருடம் கிடைத்தது. அதைப் படித்த அன்று என் மகஜர் கையெழுத்து ஞாபகம் வந்து தூக்கம் போய்விட்டது.

12 மே 2025

இன்னொரு பீட்டில்ஸ்காரர் பால் மெக்கார்ட்னியை விட்டுவிட்டேன் என்று இரண்டு பேர். சரி.

1980 ஜனவரி 16, டோக்கியோ நரிட்டா விமான நிலையம். பெட்டியைத் திறந்ததும் மேலாகவே 219 கிராம். ஒளித்தெல்லாம் வைக்கவில்லை, துணிக்கு மேலே. ஒன்பது இரவு சிறை. அவருடைய விங்ஸ் குழுவின் 11 கச்சேரி ரத்து. பிறகு வழக்கே போடாமல் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் குழுவும் கலைந்தது. ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஒன்பது, இவருக்கும் ஒன்பது.

அதற்கு முன்னால் 1973ல் ஸ்காட்லாந்தில் அவருடைய பண்ணையில் கஞ்சாச் செடி வளர்ந்ததற்கு 100 பவுண்டு அபராதம். ரசிகர்கள் விதை அனுப்பினார்கள், என்ன முளைக்கும் என்று தெரியாமல் போட்டேன் என்பது அவர் தரப்பு. இங்கே கடையில் இதைச் சொன்னபோது டீக்கடைத் தம்பி சிரித்துச் சிரித்து டம்ளரைக் கீழே போட்டுவிட்டான்.

ரோலிங் ஸ்டோன்ஸ் கிடாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் கதை இன்னும் அழகு. 1977ல் டொரொண்டோவில் ஹெராயினோடு பிடிபட்டார். ஜெயில் இல்லை, பார்வையற்றோருக்காக ஒரு கச்சேரி நடத்து என்று தீர்ப்பு. எங்கள் டிரம்ஸ் பையனுக்கு அப்படி ஒரு நீதிபதி வாய்த்திருந்தால் பூம்பாறை குழந்தை வேலப்பர் தேருக்கு விடிய விடிய வாசித்துக் கொடுத்திருப்பான்.

12 மே 2025, அப்புறம்

மேலே எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். ரொம்ப ஜாலியாக இருக்கிறது. ஒன்றைச் சேர்க்கிறேன். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கு. 2023 ஏப்ரல் 26 அன்று தங்கராஜு சுப்பையா என்ற நம் தமிழரைத் தூக்கிலிட்டார்கள். 1,017.9 கிராம் கடத்த உடந்தை என்று வழக்கு. அவர் கையில் பொருள் பிடிபடவே இல்லை, ஃபோன் எண்தான் முக்கியச் சாட்சி. இங்கே சிறிய அளவுக்கு மேலே 17.9 கிராம். என் தராசில் அது ஒரு கைப்பிடி மிளகு.

20 மே 2025

ஒரு வாரம் எழுத முடியவில்லை. சீசன். மலர்க் கண்காட்சி வருகிறது, ஏரிச்சாலை வரை வண்டி நகரவில்லை. வெள்ளி நீர்வீழ்ச்சி சுங்கச்சாவடியில் இ-பாஸும் பிளாஸ்டிக் பாட்டிலும் பார்க்கிறார்கள். ஒரு தண்ணீர் பாட்டிலை சீட்டுக்கு அடியில் ஒளித்துவிட்டு ஒரு குடும்பமே திருட்டு முழி முழிப்பதை நேற்றுப் பார்த்தேன்.

தினமும் இரண்டு பேராவது கேட்கிறார்கள். முதலில் மேகி, அப்புறம் தண்ணீர், அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அங்கிள், ஸ்டஃப் ஏதாச்சும் கிடைக்குமா?” கேட்பவர்கள் பெரும்பாலும் வட்டக்கானல் போகிறவர்கள். சிலர் காளான் கேட்பார்கள். மழை பெய்தால் தானாக முளைப்பதுதானே, அதற்கென்ன என்று நியாயம் பேசுவார்கள். அதில் இருக்கும் சைலோசைபின் இதே சட்டத்தின் மனமயக்கப் பொருள் பட்டியலில் இருக்கிறது தம்பி என்றால், அங்கிளுக்கு எவ்வளவு தெரியுது பார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

நான் ஒன்றும் உத்தமன் இல்லை. ரோலிங் பேப்பர் விற்கிறேன். அது குற்றம் இல்லை, கல்லாவுக்கு மேலேயே தொங்குகிறது. வாங்குகிறவர்களில் புகையிலை வாங்குகிறவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. மீதி ஒன்பது பேர் அதில் எதைச் சுருட்டுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. 35ஆம் பிரிவு என் மேல் பாய்ந்தால் எனக்குத் தெரியாது என்று நிரூபிக்க முடியாது.

4 ஜூன் 2025

பையன்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

டிரம்ஸ் பையனுக்கு அப்பா இல்லை. கோர்ட்டில் யாரோ, “ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிடும் தம்பி, இழுத்தா வருஷக் கணக்குல அலையணும்” என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது மாதமே ஒத்துக்கொண்டான். 3,000 ரூபாய் அபராதம். அம்மா தோடு.

கீபோர்டு பையனின் மாமா பெரியகுளத்தில் வக்கீல் குமாஸ்தா. அவர் ஒத்துக்கொள்ள விடவில்லை. கேஸ் ஓடியது. 2021ல் எனக்குச் சம்மன் வந்தது. முதல் இரண்டு தடவை விடிகாலை பஸ்ஸில் இறங்கி, மதியம் வரை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு, வாய்தா என்றதும் திரும்பி வந்தேன். மூன்றாம் தடவை கூண்டில் ஏறினேன்.

வக்கீல் கஞ்சாவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் தராசைப் பற்றித்தான் கேட்டார்.

“உங்க தராசுக்கு வருஷா வருஷம் எடையளவு முத்திரை போடணும், தெரியுமா?”

“தெரியும் சார்.”

“2016 மே மாசம் முத்திரை இருந்ததா?”

மார்ச்சில் முடிந்திருந்தது. முத்திரை ஆய்வாளர் வந்தது ஜூனில். சொன்னேன்.

“கவரை எடுத்துட்டு நிறுத்தாங்களா, கவரோடயா?”

“கவரோட சார்.”

மகஜரில் கவரை நீக்கி நிறுத்ததாக எழுதியிருந்தது. இடமும் என் கடை வாசல் இல்லை, இரண்டு கிலோமீட்டர் மேலே ஒரு வளைவு. அன்றைக்குத்தான், ஐந்து வருடம் கழித்து, நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை முதல் தடவையாகப் படித்தேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டபோது இல்லை என்றேன். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

கீபோர்டு பையன் விடுதலை. அந்த ஏட்டு ஒரு வருடம் என் கடையில் சிகரெட் வாங்கவில்லை.

நடுவில் 2019ல் டிரம்ஸ் பையன் என்னைப் பார்க்க வந்திருந்தான். குழுவுக்குச் சிங்கப்பூரில் கச்சேரி அமைந்திருக்கிறது. பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. இரண்டு வருடத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை என்றால்தான் பாஸ்போர்ட் சட்டம் மறுக்கச் சொல்கிறது, அபராதத்துக்கு இல்லை. ஆனால் விசா படிவத்தில் ஒரு கட்டம், எந்த நாட்டிலாவது குற்றத் தண்டனை பெற்றதுண்டா என்று. ஆம் என்று எழுதுவதா, இல்லை என்று பொய் எழுதுவதா. அதுவும் சிங்கப்பூருக்கு. “அண்ணாச்சி, நீங்க ஏதாச்சும் எழுதிக் குடுத்தா ஆகுமா?” என்றான். முடிந்த கேஸில் நான் என்ன எழுத. டீ வாங்கிக் கொடுத்தேன். குழு வேறு டிரம்ஸ்காரரோடு போய்விட்டது. இப்போது வத்தலக்குண்டில் மொபைல் கடை வைத்திருக்கிறான், முகூர்த்த நாட்களில் ரிதம் பேட் வாசிக்கிறான்.

ஒரே பொட்டலம்தான் இரண்டு பேருக்கும்.

8 ஜூன் 2025

“முதல் நாள் ஸ்டேஷன் ஜாமீன் என்றீர்கள். பையன்கள் எப்படிப் பதினோரு நாள் உள்ளே இருந்தார்கள்?” சரியான கேள்வி. நான் எழுதியது அரைகுறை. சிறிய அளவுக்குத் தண்டனை குறைவு, அதனால் ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்று சில நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. 2020 அக்டோபரில் நடிகை ரியா சக்ரவர்த்தியின் ஜாமீன் உத்தரவில் மும்பை உயர் நீதிமன்றம், இந்தச் சட்டத்தில் எல்லாமே ஜாமீனில் விடமுடியாத குற்றம்தான் என்றது. அப்படிச் சொல்லிவிட்டு அவருக்கு ஜாமீனும் கொடுத்தது. எந்த மாநிலத்தில், யாரிடம், எந்தக் கிழமை மாட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எங்கள் பையன்கள் மாட்டியது வெள்ளிக்கிழமை.

ஷாருக்கான் மகனை 2021ல் பிடித்தபோது அவர் கையில் ஒன்றுமே கிடைக்கவில்லை. வெளியே வர நான்கு வாரம் ஆகிவிட்டது. 2022 மே மாதம் வழக்கிலிருந்து பெயரையே எடுத்துவிட்டார்கள். பாடகர் இல்லைதான், இருந்தாலும்.

15 ஜூன் 2025

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். பாடகனாக இருப்பதுதான் குற்றமா என்று கேட்டிருந்தார். ஒரு மாதமாக அதற்கு எதிராகவே எழுதிக்கொண்டிருக்கிறேன். புகழ் இருந்தவன் ஒன்பது இரவில் வெளியே வந்தான், புகழ் இல்லாதவன் மொபைலுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டுகிறான் என்று.

நேற்றுப் பக்கத்துக் கடை ரேடியோவில் தியாகராஜ பாகவதர் பாட்டு. கை அப்படியே நின்றுவிட்டது. கஞ்சா கேஸ் இல்லை, லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1944ல் கைது. ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947ல் நிரபராதி என்று வெளியே வந்தார். அன்றைக்குத் தமிழ்நாட்டில் அவர் அளவுக்கு யாரும் உச்சத்தில் இருந்ததில்லை. வந்த பிறகு எடுத்த படம் ஒன்றும் பழைய மாதிரி ஓடவில்லை. தண்டனை ரத்து, அபராதம்கூடக் கிடையாது, ஆனாலும் போனது போனதுதான். ஆகவே கேள்வி கேட்டவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. என் டிரம்ஸ் பையனை யாருக்கும் தெரியாததால்தான் அவனுக்கு வத்தலக்குண்டில் வாடகைக்குக் கடை கிடைத்தது.

28 ஜூன் 2025

“தாய்லாந்து மாதிரி திறந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும்” என்று ஒருவர் மே மாதம் எழுதியிருந்தார். 2022 ஜூனில் திறந்தார்கள். இந்த வாரம் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று திரும்ப இழுத்திருக்கிறார்கள். கனடா 2018லிருந்து அப்படியே நிற்கிறது. இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது, நான் மளிகைக்காரன்.

20 ஜூலை 2025, ஞாயிறு

மழை. கரண்ட் இல்லை. கடையில் ஈ ஆடவில்லை. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசனை. ஒன்பது வருடம் ஆகிவிட்டது, எழுதுகிறேன்.

மே 4 அன்று எழுதிய மூன்று விதை. ஊதினேன் என்றேன், எங்கே விழுந்தது என்று சொல்லவில்லை. வேன் நின்றது சாக்கடை ஓரம். அங்கேதான் என் மனைவி பெயிண்ட் டப்பாக்களில் காசித்தும்பையும் ஜெரேனியமும் வைத்திருக்கிறாள்.

2016 ஆகஸ்டில் ஒரு நாள், “என்னங்க, இது யார் குடுத்த செடி? இலை விரிச்ச கை மாதிரி அழகா இருக்கு” என்றாள். போய்ப் பார்த்தேன். காசித்தும்பை டப்பாவுக்குள் முழங்கால் உயரம். பூண்டுத் தோலை எருவாகப் போட்டு, இரண்டு மாதமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

கஞ்சாச் செடி வளர்த்தால் 20ஆம் பிரிவில் 10 வருடம் வரை, ஒரு லட்சம் வரை அபராதம். செடிக்குச் சிறிய அளவு பெரிய அளவு கிடையாது. அந்தப் பையன்களின் அறுபது கிராமுக்கு ஒரு வருடம்; நான் ஊதிய விதைக்குப் பத்து. எனக்குத் தெரியாது என்று நிரூபிக்க எனக்கு இருந்த ஒரே சாட்சி, ஊதாதீங்க என்று சொன்ன ஏட்டு.

ராத்திரி கடை சாத்திய பிறகு பிடுங்கினேன். பிடுங்கிய பிறகு எங்கே போடுவது என்று தெரியவில்லை. சாக்கடையில் போட்டால் மிதக்கும். குப்பைக்குப் போனால் மாடு இழுத்து ரோட்டில் போடும். அதை ஒரு பழைய தினத்தந்தியில் சுற்றி வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். விடிகாலை நாலரைக்கு வெந்நீர் அடுப்பில் வைத்து, வாசனை தெரியாமல் இருக்க மேலே ஒரு கட்டு தைல இலையைத் திணித்துக் கொளுத்தினேன். புகை பெருமாள்மலை முழுக்கப் போயிருக்கும்.

ஆறு மணிக்கு ஏட்டு டீக்கு வந்தார். “என்ன அண்ணாச்சி, தைல வாசம் தூக்குது?”

“சளி” என்றேன்.

மெக்கார்ட்னியின் விதைக் கதையைக் கேட்டு டீக்கடைத் தம்பி சிரித்தான் என்று எழுதினேனே, அவன் மட்டும்தான் சிரித்தான்.

முளைத்தது ஒன்றுதான். மற்ற இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. என் மனைவி இன்றைக்கும் மழைக்காலம் வந்தால், அந்தச் சாக்கடை ஓரத்தைக் குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பால் பாக்கெட்டை எடுக்கிறாள்.